வான் பாயுது

போயா நாள். வங்கி பூட்டு.
ஹட்டனிலிருந்து மாற்றலாகி ஏழு மாதம்.
காசாளர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
முல்லைத்தீவில் நான் பார்த்ததெல்லாம்
கைகளும் அடையாள அட்டைகளும்.

அமிர்தசீலனின் ஆட்டோ எட்டு மணிக்கு வந்தது.
மழை ஏழரைக்கே வந்துவிட்டது.
"நாளைக்குப் போவமே, பிள்ளை?"
நாளைக்கு வங்கி திறக்கும்.
"அப்ப சரி" என்று
இரண்டு பக்கமும் நீல ரெக்சினை இழுத்து
ஊக்குக் குத்தினார்.
சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவள்
சுற்றி மூடப்பட்டேன்.

ரெக்சினில் தீப்பெட்டி அளவு ஒரு கிழிசல்.
அதற்குள்ளால்
ஒரு மாடு.
முள்ளுக்கம்பி, முள்ளுக்கம்பியில் துளிகள்.
நனைந்து மடிந்த பதாகையில் யாரோ ஒருவரின் பாதிச் சிரிப்பு.
மறுபடி மாடு, அதே மாடாக இருக்க முடியாது.

முதலில் கற்சிலைமடு.
குடையில் எங்கள் வங்கியின் பெயர்,
காற்று அதை உள்ளும் புறமுமாய்த் திருப்பியது.
வன்னியன் தோற்ற இடம் என்று
வென்றவர்கள் இங்கே கல் நட்டார்களாம்.
கல்லைத் தேடி வருகிறவர்களோ
தோற்றவனைத்தான் தேடி வருகிறார்கள்.
"வென்றவன் பேரென்ன?"
நெற்றித் தண்ணீரை வழித்தபடி யோசித்தார்.
"ஆரோ ஒரு துரை."
எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான்.
பங்களா, குதிரைப்பாதை, மாடிப் படிக்கட்டு,
எதைக் கேட்டாலும் யாரோ ஒரு துரை.

ஒட்டுசுட்டானில் நடை சாத்தியிருந்தது.
எதிரே தேநீர்க் கடைத் தாழ்வாரத்தில் நின்று
கோயிலின் கதையைச் சொன்னார்:
குரக்கன் ஒட்டைச் சுட்டானாம் ஒருத்தன்,
ஒரு இடம் மட்டும் எரியவில்லையாம்,
தோண்டினால் சிவன்.
சொல்லச் சொல்ல ஒரு பீடிக்காகப்
பதினொரு குச்சி கிழித்தார். பேரிலேயே
நெருப்பை வைத்திருக்கிற ஊரில்
ஒன்றுகூடப் பற்றவில்லை.
கடைக்காரி பொறுக்கமாட்டாமல்
அடுப்பிலிருந்து கொள்ளியோடு வந்தாள்.

பிறகு காட்டுப் பாதை.
ஓரிடத்தில் ஆட்டோ மெதுவாகி நின்றது.
எஞ்சினை அணைக்கவில்லை.
வலப்பக்க ஊக்கைக் கழற்றி வெளியே பார்த்தார்.
பாலை மரங்கள், புல், தேங்கிய தண்ணீர்.
"இங்கே என்ன இருக்கு அண்ணா?"
"மழை" என்றார்.
ஊக்கைத் திரும்பக் குத்த
நேரமெடுத்தது அவருக்கு.

முத்தையன்கட்டு வரும் முன்பே இரைச்சல் வந்தது.
"கேக்குதே? குளம் வான் பாயுது."
வானம் காலையிலிருந்தே பாய்கிறது என்றேன்.
அன்று முதல் முறை சிரித்தார்.
குளம் நிறைந்து வழிகிற இடத்துக்கு
வான் என்று பேராம் இங்கே.
கொள்ளாததைக் கொட்டிவிட
ஒரு பக்கம் கட்டைத் தாழ்த்தி வைப்பார்களாம்.
"இல்லாட்டிக் கட்டே போயிடும், பிள்ளை."

பழுப்புத் தண்ணீர் மடிந்து விழுந்தது.
இரண்டு பையன்கள் வலையோடு நின்றார்கள்,
அகப்பட்ட ஜப்பான் மீனை
வாளியில் எண்ணிக்கொண்டு.
நான் எட்டுப் படம் எடுத்தேன், எட்டிலும் என் குடைக்கம்பி.

"என்னையும் ஒருக்கா எடுங்கோ."

இருபது வருடமாய் ஆட்களை ஏற்றிவந்து
இறக்கிவிட்டு
ஆட்டோவுக்குள்ளேயே இருந்துவிடுவாராம்.
காற்சட்டையை முழங்கால்வரை மடித்து
வானுக்கு முதுகு காட்டி நின்றார்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பின்னால் கட்டினார்,
முன்னால் கொண்டுவந்தார்,
கடைசியில் வாளியிலிருந்து ஒரு மீனை வாங்கி
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இரவு அந்தப் படத்தை அனுப்பினேன்.
இரண்டு நீலச் சரி. வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு,
"நல்லாக் கிடக்கு. ஆனா மழை தெரியேல்லை."

பெரிதாக்கிப் பார்த்தேன்.
சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது.
புருவத்தில் சொட்டு நிற்கிறது.
மீன்கூடப் பளபளக்கிறது.

மழை தெரியவில்லை.